மன்னிக்க நினைத்தும் முடியாதவர்களுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள் சபையில் மிகச் சீக்கிரமே கேட்டுவிடுகிற அறிவுரை, "மன்னித்துவிடுங்கள்" என்பது. எப்படி என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று "ஆண்டவரே, நான் மன்னித்துவிட்டேன்" என்று ஜெபிக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த ஆளின் பெயர் கைப்பேசியில் தெரிந்ததும் வயிறு எரிகிறது. உடனே, தன் ஜெபமும் பொய், தன் விசுவாசமும் பொய் என்று ஒடிந்துபோகிறார்கள். அப்படி ஒடிந்துபோனவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்கள் ஜெபம் பொய் இல்லை. அதற்கு முன்னால் செய்யவேண்டிய சில காரியங்களை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா நோயில் கிடந்த கடைசி மாதங்களில், அண்ணன் அவரைக் காரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிட்டார். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, இரவெல்லாம் கூட இருந்த தங்கைக்கு, அடக்க ஆராதனை முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகே அது தெரியவருகிறது. அப்பா எதுவும் எழுதாமல் காலமாகியிருந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு வந்திருக்கும். அண்ணனும் தங்கையும் ஒரே ஆலயத்துக்கு வருகிறவர்கள். திருவிருந்தில் ஒரே கிராதிக்கு முன்னால் முழங்கால்படியிடுகிறவர்கள். இந்தத் தங்கை என்ன செய்யவேண்டும்?

கோபத்தோடேயே ஆண்டவரிடம் போங்கள்

கோபத்தை அடக்கிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில், தம்பி ஆபேலின்மேல் எரிச்சலாகி காயீன் முகநாடி வேறுபட்டு நின்றபோது தேவன் அவனை விரட்டவில்லை. "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்று கேட்டார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்று எச்சரித்தது அதன் பிறகுதான். கொலை நடப்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. காயீன் அதற்குப் பதில் சொல்லவில்லை என்பதே அந்த அதிகாரத்தின் சோகம். நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கோபப்படுவதே பாவம் என்று நினைத்து நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சூம்பின கையுள்ள மனிதனை ஓய்வுநாளில் குணமாக்கக் கூடாது என்று குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்களை இயேசு கோபத்துடனே பார்த்தார் என்று மாற்கு 3:5 சொல்கிறது. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றுதான் பவுலும் எபேசியருக்கு எழுதினார். கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

செய்யவேண்டியது இது. தனியாக இருக்கக்கூடிய ஓர் அரைமணி நேரத்தைப் பிடியுங்கள். 55-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். தன்னை நிந்தித்தவன் சத்துருவாக இருந்திருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன், நாம் ஒன்றாகத் தேவாலயத்துக்குப் போனவர்கள் ஆயிற்றே என்று அதில் ஒருவர் புலம்புகிறார். நம்முடைய தங்கையின் நிலைமை அப்படியே அங்கே இருக்கிறது. வாசித்து முடித்ததும் உங்கள் வார்த்தைகளில் தொடருங்கள். ஜெபத்துக்கென்று வைத்திருக்கிற பாஷை வேண்டாம். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று மேலே பூசி மறைக்கவேண்டாம். "அண்ணன் நாசமாய்ப் போகவேண்டும் என்று தோன்றுகிறது ஆண்டவரே" என்று தோன்றினால் அதையே சொல்லுங்கள். 109-ஆம் சங்கீதத்தைப் புரட்டிப் பார்த்தால் உங்களைவிடக் கடுமையாகப் பேசியவர்கள் வேதத்துக்குள்ளேயே இருப்பது தெரியும். சபிக்கிற வார்த்தைகூட தேவனுடைய சமுகத்தில் சொல்லப்பட்டால் அவர் கையில் சேர்ந்துவிடுகிறது. அண்ணியிடம் தொலைபேசியில் சொன்னால் அது தெருவுக்குப் போகிறது.

பவுல் எபேசியருக்கு எழுதிய அதே வசனத்தின் அடுத்த பாதி, சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியவேண்டும் என்கிறது. கணவன் மனைவிக்குள், தாய் மகளுக்குள் வருகிற அன்றாடச் சண்டைகளுக்கு இதை அப்படியே கடைப்பிடிக்கலாம். பேசித் தீர்த்துவிட்டுப் படுங்கள். வீட்டையும் அண்ணனையும் ஒரே நாளில் இழந்த பெண்ணிடம் "இன்று ராத்திரிக்குள் சரியாகிவிடு" என்று சொல்வது அந்த வசனத்தை வைத்து அவளை அடிப்பதாகும் என்பது என் கருத்து. அவளால் இன்று ராத்திரிக்குள் முடியக்கூடியது ஒன்று உண்டு. பழிவாங்கும் உரிமையை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற தேவன் இருக்கிறார். அந்த இரவில் வாட்ஸ்ஆப் குழுவில் எதையும் எழுதவேண்டாம். குரல் பதிவு அனுப்பவே வேண்டாம். அது பத்து வீட்டில் ஓடும், பல வருடம் இருக்கும். அந்த வசனத்தையே அண்ணி பார்க்கட்டும் என்று ஸ்டேட்டஸில் போடுவதும் பழிவாங்குதல்தான்.

கணக்கை எழுதுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிற படி இது. என்னைக் கேட்டால் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபதுதரம் என்று பதில் சொல்லி, இயேசு ஒரு கடன் கதையைச் சொன்னார். மத்தேயு 18-ஆம் அதிகாரம். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனுக்கு முழுவதும் தள்ளுபடியாகிறது. அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு வெள்ளிப்பணம் அற்பத் தொகை என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம். அப்படியானால் நூறு என்பது ஓர் ஏழைத் தொழிலாளியின் மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. பிடுங்கிக்கொண்டால் வயிற்றில் அடித்தது மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவே இல்லை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி; பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. அந்த மலைக்கு முன்னால் நூறு நாள் கூலியை வைத்துப் பார்க்கச் சொல்கிறார். நூறு நூறாகவே இருக்கிறது.

அதனால் முதலில் அந்த நூறை எழுதுங்கள். ஒரு தாளை எடுத்து, அவர் எனக்கு என்ன செய்தார், அதனால் நான் எதை இழந்தேன் என்று வரி வரியாக எழுதுங்கள். "அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார்" என்று மொத்தமாக எழுதினால் போதாது. நம் தங்கையின் தாள் இப்படி இருக்கலாம்:

வீட்டில் என் பங்கு.
அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு வார்த்தை நன்றி.
அப்பாவுக்கு என்மேல் இருந்த அன்பு உண்மைதானா என்ற சந்தேகம், இப்போது தூங்கவிடாமல் செய்கிறது.
என் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே தாய்மாமன்.

வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் நான்காவது வரியில் வந்து நிற்கிறாள். காதுகுத்துக்கு யார் மடியில் பிள்ளையை உட்காரவைப்பது, திருமணத்தில் யார் முன்னே நிற்பது என்று அவள் இத்தனை நாள் அழுதது அந்த வரிக்காக. எழுதிப் பார்க்காதவரை அது அவளுக்கே தெரியாது. வீட்டுக்காக மன்னித்துவிட்டு, நான்காவது வரி உள்ளேயே கிடந்தால், எபிரெயர் 12:15 சொல்கிற கசப்பான வேர் அங்கிருந்துதான் மறுபடி முளைக்கும்.

எழுதும்போது அவருக்காக வாதாடாதீர்கள். "பாவம், அவருக்கும் கடன் தொல்லை", "அண்ணி சொல்லிக்கொடுத்திருப்பாள்" என்று காரணம் தேடிக் கொடுப்பது பெருந்தன்மையாகத் தோன்றும். காரணம் சரியாக இருந்தால் அங்கே மன்னிக்க ஒன்றும் இல்லை. தவறு தவறாக இருக்கும் இடத்தில்தான் மன்னிப்புக்கு வேலை.

குடும்பச் சண்டை என்றால் தாளின் மறுபக்கத்தில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். அடக்க வீட்டில் எல்லார் முன்னாலும் அண்ணனைப் பேசிய பேச்சு, அவர் மகனின் கல்லூரி விஷயத்தைப் பரப்பியது. ஆனால் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர்களிடமும், அடிபடுகிற பெண்களிடமும் இந்த மறுபக்கத்தை யாரும் நீட்டக்கூடாது. அங்கே மறுபக்கம் கிடையாது.

அந்தத் தாளை யாருக்கும் காட்டவேண்டாம். ஜெபக் குழுவில் "ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று தொடங்கி, பெயர் சொல்லாமல் எல்லா அடையாளமும் சொல்கிற ஜெபக் குறிப்புகளை நாம் அறிவோம். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் வாய் இறுக்கமான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்: ஆயர், ஆயரம்மா, பங்குத்தந்தை, அல்லது பயிற்சி பெற்ற ஆலோசகர்.

தள்ளுபடி செய்யுங்கள்

இப்போது ஜெபிக்கலாம். தாளை முன்னால் வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "ஆண்டவரே, வீட்டில் என் பங்கை என் அண்ணன் எடுத்துக்கொண்டார். அது தவறு. அதற்காக அவரைத் தண்டிக்கும் உரிமையை உம்மிடம் கொடுக்கிறேன். நீர் எனக்குத் தள்ளுபடி செய்தவை ஏராளம். அவருக்கு நான் தள்ளுபடி செய்கிறேன்." வார்த்தைகள் இவையாகவே இருக்கவேண்டியதில்லை. தவறைத் தவறென்று சொல்வது, உரிமையை ஒப்படைப்பது, தள்ளுபடியை வாயால் அறிக்கையிடுவது, இந்த மூன்றும் இருந்தால் போதும். கடைசி வரி முடிந்ததும் தாளைக் கிழித்தோ எரித்தோ போட்டுவிடலாம். நமக்கு விரோதமான கையெழுத்தை, அதாவது கடன் பத்திரத்தை, கிறிஸ்து குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கொலோசெயர் 2:14 சொல்வதை அப்போது வாசியுங்கள். காலமாகிவிட்ட ஒருவரை மன்னிக்கவேண்டியிருந்தாலும் முறை இதுதான். அவர் எதிரில் இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை.

மனம் இளகவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். நெதர்லாந்துப் பெண்மணி கோரி டென் பூம், யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக நாஜிகளால் கைதானவர். ராவன்ஸ்புரூக் முகாமில் அவருடைய அக்கா பெட்சி 1944 டிசம்பரில் இறந்துபோனார். 1947-இல் மியூனிக் நகர ஆலயம் ஒன்றில் கோரி தேவனுடைய மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அந்த முகாமின் காவலாளி ஒருவர் எதிரே வந்து, மன்னிப்பீர்களா என்று கை நீட்டினார். அப்போதுதான் பேசி முடித்திருந்த கோரியின் கை எழும்பவில்லை. உள்ளே அன்பின் துளிகூட இல்லை. "இயேசுவே, உதவி செய்யும். கையை மட்டும் நான் நீட்டுகிறேன், உணர்வை நீர் தாரும்" என்ற பொருளில் மனதுக்குள் ஜெபித்து, இயந்திரம்போலக் கையை நீட்டினார். கை போய்ச் சேர்ந்த பிறகுதான் மனம் போய்ச் சேர்ந்தது. உணர்வு வரட்டும் என்று காத்திருந்திருந்தால் அந்த ஆள் கை நீட்டியபடியே நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்.

தள்ளுபடி செய்த கடனை மறுபடி வசூலிக்கப் போவதில்லை என்பதுதான் நடைமுறையில் இதற்குப் பொருள். அடுத்த சண்டையில் அதை எடுத்து வீசமாட்டேன். உறவினர் வீட்டில் அந்தக் கதையைத் தொடங்கமாட்டேன். இரவில் படுத்துக்கொண்டு, அவரிடம் என்ன கேட்டிருக்கவேண்டும் என்று மனதுக்குள் வசனம் ஒத்திகை பார்க்கமாட்டேன். மூன்றிலும் கடினமானது கடைசி. அதைத் தடுக்க முடியாத இரவில் எழுந்து விளக்கைப் போட்டு, வேதத்திலிருந்து ஒரு அதிகாரத்தை வாய்விட்டு வாசியுங்கள்.

திரும்பி வரும்போது

வரும். அப்பாவின் நினைவு நாளில் வரும். கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் பிள்ளைகள் புதுத்துணியில் ஆலயத்துக்கு வரும்போது வரும். பத்திரிகை வைக்காமல் ஒரு திருமணம் நடந்தால் நிச்சயம் வரும். ஏழெழுபதுதரம் என்ற கணக்கை, ஒருவர் செய்கிற 490 தவறுகளுக்கு என்று நாம் எண்ணுகிறோம். ஒரே தவறை 490 தடவை மன்னிக்கவேண்டியிருக்கும் என்பது மன்னித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். கோபம் திரும்பி வந்ததால் முதலில் செய்தது வீணாகவில்லை. "இந்தக் கணக்கை உம்மிடம் கொடுத்துவிட்டேன் ஆண்டவரே" என்று ஒரே வரி சொல்லிவிட்டுக் கையிலிருந்த வேலையைப் பாருங்கள். பழைய தாளை மறுபடி எழுதவேண்டாம்.

கூடவே அவருக்காக ஜெபிக்கத் தொடங்குங்கள். "என் அண்ணனைத் திருத்தும் ஆண்டவரே" என்ற ஜெபம் இதில் சேராது. அது ஜெபவடிவில் இருக்கிற புகார். அவருடைய சர்க்கரை நோய்க்காக, அவர் மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக, அவர் வேலைக்காகக் கேளுங்கள். ஆரம்பத்தில் தொண்டையில் சிக்கும். ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாள்பட நாள்பட, அந்தப் பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கியது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கே ஆவலாகிவிடும். அப்போதுதான் ஏதோ அசைந்திருக்கிறது என்று தெரியும்.

மன்னித்தால் பழையபடி பழகவேண்டுமா?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது மாற்கு 11:25. அங்கே எதிராளி இல்லை, நீங்களும் தேவனும்தான். சகோதரன் குற்றஞ்செய்தால் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்கிறது லூக்கா 17:3. அங்கே இரண்டு பேரும் இருக்கிறார்கள். முதலாவது உங்கள் இருதயத்தில் முடிகிற காரியம். இரண்டாவது ஒப்புரவு, அதற்கு அவரும் வரவேண்டும்.

யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் சகோதரராலேயே இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, பிறகு எகிப்தில் அதிபதியானவர், அவர்களிடம் தன்னை வெளிப்படுத்தும்போது வயது 39 ஆகிறது. அவர்கள் தானியம் வாங்க வந்த முதல் நாளே கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. சிமியோனைப் பிடித்துவைத்தார். பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, தன் தாய் ராகேலின் இன்னொரு மகனையும் இவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா என்று பார்த்தார். "இவனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன்" என்று யூதா முன்வந்த பிறகே, எகிப்தியர் கேட்கும்படி ஓவென்று அழுதார். நம்பிக்கை திரும்பி வர அவகாசம் எடுத்துக்கொள்வது மன்னியாமை ஆகாது.

நியாயம் கேட்பதும் அப்படியே. மத்தேயு 18-இல் கடன் கதைக்குச் சற்று முன்னால் இயேசுவே வழிமுறை கொடுத்திருக்கிறார்: முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரை அழைத்துப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நம் தங்கை பெரியவர்கள் இருவரோடு போய், "அண்ணா, உங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் வீட்டு விஷயத்தில் நடந்தது நியாயம் இல்லை. பேசித் தீர்ப்போம்" என்று கேட்கலாம். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6-இல் கண்டிக்கிறாரே என்று கேட்பீர்கள். உங்களுக்குள்ளே தீர்த்துவைக்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்றும் அதே இடத்தில் கேட்கிறார். தீர்த்துவைக்க முன்வராத சபை, நீதிமன்றத்துக்குப் போன தங்கையை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. பங்கை விட்டுக்கொடுப்பதா, கேட்டு வாங்குவதா என்பது அவள் தேவனுக்கு முன்னால் எடுக்கவேண்டிய முடிவு. ஊரார் எடுக்கவேண்டியது அல்ல.

குற்றம் என்று வந்துவிட்டால் இன்னும் தெளிவாக இருக்கவேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். மகளோடு பாரிபதாவிலேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான பணியை 2004 வரை தொடர்ந்தார். அந்த மன்னிப்பால் வழக்கு நிற்கவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு அவருடையது. தண்டனை அரசின் பொறுப்பு.

ஆகவே, அடிக்கிற கணவனிடம் "ஏழெழுபதுதரம் மன்னித்துவிட்டுத் திரும்பிப் போம்மா" என்று ஒரு பெண்ணை யாராவது அனுப்பினால், அது ஊழியக்காரராகவே இருந்தாலும், அதற்குக் கீழ்ப்படியவேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினார். பிறகு என்கேதிக் கெபியில் சவுல் தன் கையில் அகப்பட்டும் கொல்லாமல் விட்டார். ஆனாலும் அவனோடு அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை.

நீங்கள் கேட்கவேண்டிய மன்னிப்பு

தாளின் மறுபக்கம் ஞாபகம் இருக்கிறதா? காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் இதற்கு நல்ல சமயம். கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே அறிக்கையிட்ட பிறகும் நேரில் போய்ச் சரிசெய்யவேண்டியது மிச்சம் இருக்கும்.

போகும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். "அன்றைக்கு எல்லார் முன்னாலும் உங்களை அப்படிப் பேசியது தவறு அண்ணா. என்னை மன்னியுங்கள்." அதோடு நிறுத்துங்கள். "ஆனால் நீங்களும்" என்று தொடர்ந்தால் மன்னிப்புக் கேட்டது செல்லாது. வீட்டு விஷயத்தை அந்த நாளில் எடுக்கவேண்டாம். அதற்கு வேறொரு நாளில், பெரியவர்களோடு போகலாம். ஒரு தொகை திருப்பித் தரவேண்டியிருந்தால் கையில் கொண்டுபோங்கள். அவர் உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேசினாலும், பதிலே சொல்லாமல் கதவைச் சாத்தினாலும், திரும்பத் திரும்பப் போய் நெருக்காதீர்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18 தொடங்குகிறது. உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய் உங்கள் காணிக்கையைச் செலுத்துங்கள்.